வேற யாருக்குப் போடுவாங்க?

தேர்தல் வந்தால் கெலிஓயாத் தேத்தண்ணிக் கடைகளில ஒரே கதைதான்: "அவன் வந்தா எங்களுக்குச் சரிவராது, அதனால இவனுக்குப் போடுவம்." 2015இல் மஹிந்தவுக்குப் பயந்து மைத்திரிக்குப் போட்டோம். 2019இல் கோட்டாவுக்குப் பயந்து சஜித்துக்குப் போட்டோம். இப்ப எங்கட வயசுக்காரர் பலருக்கு வாக்குச்சீட்டைக் கண்டாலே சலிப்பு. அந்தச் சலிப்பை நாங்க குறை சொல்லமாட்டோம். ஆனால் அது எதனால வந்தது?

எங்கட பதில் இதுதான்: பயத்தில விழும் வாக்குக்கு விலை கிடையாது. "எங்களை விட்டா வேற யாருக்குப் போடுவாங்க?" என்று ஒரு கட்சி நினைக்கத் தொடங்கினால், அதற்குப் பிறகு எங்களைக் கவனிக்கத் தேவையில்லை. எதிர்ப்பக்கத்து வாக்கைப் பிடிக்க அது வலதுபக்கம் நகரும். இந்த நாட்டில வலது என்றால் இரண்டு விஷயம்: ஒன்று பேரினவாதம், மற்றது ஏழையின் தலையில சுமையை ஏற்றும் பொருளாதாரம்.

இது புதுக்கதை இல்லை. சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்தார். ஒரு மொழி என்று நின்றால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தார். 1964இல் அவரது கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தது. 1972இல் அதே கொல்வின் அமைச்சராக இருந்து ஆக்கிய அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவும் அதோடு போனது. செங்கொடிக்காரருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேணும்?

2015இல் எங்கட வீடுகள் கொண்டாடிய நல்லாட்சியைப் பாருங்க. 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது சட்டம் ஒழுங்கு அமைச்சே பிரதமர் ரணிலின் கையில்தான் இருந்தது. கண்டி மாவட்டம் முழுக்க ஊரடங்கு. நாங்க காப்பாற்றச் சொல்லி வாக்களித்த அரசு அது.

"எங்கட கட்சி" என்று சொல்லப்பட்டவையும் தப்பவில்லை. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவிக்கும் 20ஆவது திருத்தம் வந்தது. அந்த நேரம் கொவிட்டில் மரணித்தவர்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்தார்கள். முஸ்லிம் காங்கிரஸின் ஐந்து எம்.பி.க்களில் நான்கு பேர் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். எங்கட பெயரில் வாங்கிய வாக்கு, எங்கட மையித்துகளை எரித்த அரசுக்குப் போனது.

2024இல் பயமில்லாமல், நம்பித்தான் போட்டோம் என்று சந்தோஷப்பட்டவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம் கிடைத்தது. இதுவும் கோட்டா அரசும் ஒன்றுதான் என்று சொல்ல நாங்க வரவில்லை, அது பொய். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று எழுதித் தந்தவர்கள், ஆறே மாதத்தில், இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞனை அதே சட்டத்தில் தடுத்து வைத்தார்கள். நாணய நிதியத்தோடு மீண்டும் பேசுவோம் என்றவர்கள், ரணில் ஒப்புக்கொண்ட இலக்குகளுக்குள்ளேயே பட்ஜெட் போடுகிறார்கள்.

எங்கட நாட்டில மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கனடாவில் 2025இல் லிபரல் தலைவர் மார்க் கார்னி, வலதுசாரிகள் எதிர்த்துவந்த நுகர்வோர் கார்பன் வரியைத் தானே இல்லாமல் செய்தார். ஆனாலும் வலதுசாரிகளுக்குப் பயந்த இடதுசாரி வாக்காளர் பலர் அவர் பக்கமே சாய்ந்தார்கள். புதிய ஜனநாயகக் கட்சி 7 ஆசனத்துக்கு இறங்கியது.

"அப்ப என்ன, கெட்டவனே வரட்டுமா?" என்று கேட்பீங்க. வேண்டாம். எங்கட கையில கனடாக்காரரிடம் இல்லாத ஒரு சாமான் இருக்கு. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு எழுதலாம். கொள்கைக்குப் பிடித்தவருக்கு 1, பயத்துக்கு 2. முதலாமவர் தோற்றால் இரண்டாவது விருப்பு கணக்கில் வரும். 2024இல்தான் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். அநுரவும் சஜித்தும் அல்லாதவர்களுக்கு விழுந்திருந்தது ஏறக்குறைய 33 இலட்சம் வாக்கு. அதிலிருந்து அந்த இருவருக்கும் வந்து சேர்ந்தது 2 இலட்சத்து 73 ஆயிரம்தான், பன்னிரண்டில் ஒன்று! ஒன்றை மட்டும் போட்டால் போதும் என்றே பழகிவிட்டோம். கட்சிகளுக்கும் அதுதான் வசதி. பாராளுமன்றத் தேர்தலோ விகிதாசார முறை. கண்டியில் 12 ஆசனம். அங்கே பயத்துக்கு இன்னும் வேலை குறைவு.

வாக்குச்சீட்டோடு மட்டும் வேலை முடியாது. அடுத்த முறை நோட்டீசோடு எங்கட வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவன் வந்தால் என்ன ஆகும் என்ற கதையை நிறுத்தச் சொல்வோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எந்தத் திகதியில் நீக்குவீங்க? திகனயில் கடை எரித்தவர்களின் வழக்கு எங்கே நிற்குது? வரிச்சுமையை யாரிடமிருந்து இறக்கி யாரிடம் ஏற்றுவீங்க? பதிலைக் கையெழுத்தோடு வாங்கி வைப்போம். வென்ற பிறகு அதே தாளைத் தூக்கிக்கொண்டு அவர்களின் ஒபீஸுக்குப் போவோம்.