மலை ஏறலாம், வழி தெரிந்தால்!

2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிறது குரங்கணி மலை. அன்று ஒரு கூட்டம் கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் சிலர். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சிலர். பெரும்பாலும் இளம் வயதினர். பெண்கள் பலர்.

சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். திடீரென்று புகை எழுந்தது. காற்று தீயை விசிறிவிட்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் மேடு நோக்கி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். மலை அடிவாரத்து ஜனங்கள் முதலில் ஓடி வந்தார்கள். பிறகு விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் 23 உயிர்கள் போய்விட்டன.

நாடே கலங்கியது. அப்போது ஒரு கேள்வியும் பிறந்தது. "பட்டணத்துக்காரர்களுக்குக் காட்டில் என்ன வேலை? காட்டை அடைத்துவிட்டால் என்ன?"

அடைப்பதா, திறப்பதா?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடைத்தால் ஜனங்கள் போகாமல் இருப்பார்களா? திருட்டுத்தனமாகப் போவார்கள். அப்படிப் போகிறவருக்கு வழி காட்ட ஆள் இல்லை. அவர் திரும்பி வராவிட்டால், உள்ளே போனார் என்பதே யாருக்கும் தெரியாது. குரங்கணியில் தீயில் சிக்கியவர்களும் அந்த வழிக்கு அனுமதி பெறாமல் போனவர்களே என்று வனத்துறை பின்னர் சொன்னது.

இன்னொரு விஷயமும் உண்டு. காட்டைக் கண்ணால் பார்க்காதவருக்கு அதன் அருமை எப்படித் தெரியும்? கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை என்ற சிறிய காடு இருக்கிறது. பரப்பு 116 எக்டேர். அதாவது சுமார் 287 ஏக்கர். சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிதண்ணீர் தருவது இந்தச் சோலைதான். மழைத் தண்ணீரைக் கடற்பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 2024-ம் ஆண்டு ஜனவரியில் இந்தச் சோலைக்கு 'ராம்சார்' என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. இந்த மர நிழலில் ஒரு மணி நேரம் நடந்த குழந்தை, தண்ணீர் குழாயிலிருந்து பிறப்பதில்லை என்று தெரிந்துகொள்ளும்!

எனவே, அரசாங்கம் நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. காடு திறக்கப்படும், ஆனால் கதவு போட்டுத் திறக்கப்படும்.

நாற்பது வழிகள்

குரங்கணிக்குப் பிறகு, அதே 2018-ல், மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024-ம் ஆண்டு அக்டோபரில், 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் திறக்கப்பட்டன. சுலபம், நடுத்தரம், கடினம் என்று அவை மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 18 வயது ஆனவர்கள் தாங்களே பதிவு செய்யலாம். அதற்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சின்னக் குழந்தைகளைச் சுலபமான வழியில் மட்டுமே, பெற்றோர் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஏன் இந்தப் பிரிவினை? மலை எல்லாருக்கும் ஒரே மலைதான். ஆனால் ஏறுகிற கால் ஒன்றல்லவே!

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேர்ன்ஹில் காட்டில் நடப்பது சுலபம். மர நிழல். செங்குத்து ஏற்றம் இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஏலகிரியில் சுவாமி மலைக்கு ஏறுவது அப்படி இல்லை. நாலாயிரம் அடிக்கு மேல் உயரமான மலை அது. மேலே போகப் போகக் கொஞ்சம் மூச்சு வாங்கும். கோவையை அடுத்த வெள்ளியங்கிரியோ கடினத்திலும் கடினம். ஒன்றன் பின் ஒன்றாக ஏழு மலைகள்!

வெள்ளியங்கிரிக்கு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள். 2024-ம் ஆண்டுப் பருவத்தில் அங்கே பலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தார்கள். இருதய நோய், மூச்சு நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. சுவாமியைப் பார்க்கப் போகிறவரை யார் தடுப்பது? வீட்டில் உள்ளவர்கள்தான் தடுக்க வேண்டும். போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது பக்திக்குக் குறைவு ஆகாது.

ஒன்றை மறக்கக் கூடாது. 'சுலபம்' என்பது பாதைக்குத் தந்த பெயர். நேரமும் காலமும் மாறினால் அந்தப் பெயரும் மாறிவிடும். மழை பெய்தால் சுலபமான பாதையும் வழுக்கும். அந்தி சாய்ந்தால் அதே பாதையில் யானை நிற்கும். கோடை வந்தால்?

தீக்காலம்

தீ சமவெளியில் பரவுவதைவிட மேட்டில் வேகமாக ஏறும். காரணம் இதுதான். தீயின் அனல் மேல் நோக்கிப் போகிறது. மேட்டில் உள்ள புல்லை அந்த அனல் முதலிலேயே காய வைத்துவிடுகிறது. தீ வந்து தொட்டதும் அந்தப் புல் குப்பென்று பிடிக்கிறது. மேல் நோக்கி ஓடுகிற மனிதனுக்கோ வேகம் குறைகிறது. தீ ஜெயித்துவிடுகிறது.

ஆகவேதான் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று வைத்து, மலையேற்றத்தை நிறுத்துவது விதி ஆனது. பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்பே மலைக்குப் போக ஆசைப்படுகிற குடும்பங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் குரங்கணியில் தீப்பிடித்த மார்ச் 11 இந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகிறது.

கூட வருகிறவர்

இந்தத் திட்டத்தில் மெச்ச வேண்டியது ஒன்று உண்டு. வழி காட்டிகளாக மலைவாசி இளைஞர்களும் அடிவாரத்து ஊர்க்காரர்களும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். யானைச் சாணம் இன்றையதா, நேற்றையதா என்று அவர்களுக்குத் தெரியும். குரங்கு கத்தினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறை வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிறவிப் பாடம். இத்தனை காலம் அந்த அறிவுக்குக் கூலி இல்லாமல் இருந்தது. இப்போது கூலி கிடைக்கிறது. காடு இருந்தால்தான் பிழைப்பு என்றால், காட்டைக் காக்க அவர்களைவிட நல்ல காவல்காரர் யார்?

குறையும் உண்டு

எல்லாம் சரி. ஏழைக் குடும்பம் போக முடியுமா? திட்டம் தொடங்கியதும், கடினமான வழிகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணமா என்று முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கட்டணம் குறைக்கப்பட்டது. ஆனாலும் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சுமைதான். இன்டர்நெட்டில் பதிவு செய்வது என்ற ஏற்பாடும் எல்லாருக்கும் கைவந்ததல்ல. படித்த பிள்ளை வீட்டில் இல்லாதவர் என்ன செய்வார்? சுலபமான வழிகளையாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிறிய கட்டணத்தில் பார்க்க வழி செய்ய வேண்டும். கட்டணம் எட்டாமல் போனால், மறுபடியும் திருட்டு வழிதான் திறக்கும். குரங்கணிப் பாடம் வீணாகிவிடும்.

மலைக்குப் போக நினைக்கும் குடும்பம், மூட்டை கட்டுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வழிக்கு அனுமதி இருக்கிறதா? இது தீக்காலமா, மழைக்காலமா? நம்மில் யாருடைய கால் மிகவும் பலவீனம்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பாட்டியால் எந்த வழியில் போக முடியுமோ, அந்த வழியே குடும்பத்தின் வழி. வாலிபப் பிள்ளை இன்னொரு நாள் உச்சிக்குப் போகட்டும். மலை எங்கேயும் ஓடிவிடாது!