மலைப் பாதைக்குப் பூட்டு!

மலைக்குப் போகிற பாதையைப் பூட்ட முடியுமா?

இங்கிலாந்தில் ஒரு சமயம் பூட்டினார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கெஸ்விக் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் லாட்ரிக் என்ற மலை. பெரிய மலை அல்ல. உயரம் சுமார் 1,200 அடிதான். மாலை வேளையில் ஊர் ஜனங்கள் காலாற நடந்து உச்சிக்குப் போவார்கள். கீழே ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். சுற்றிலும் மலைகள். பாட்டன் காலத்தில் இருந்து நடந்து பழகிய பாதை அது.

அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் பாதையை அடைத்துவிட்டார்கள். வேலி போட்டார்கள். கதவு வைத்துப் பூட்டினார்கள். "நிலம் எங்களுடையது. யாரும் வரக்கூடாது" என்பது அவர்கள் கட்சி.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் வைத்தார்கள். பேசிப் பார்த்தார்கள். பலன் இல்லை.

1887-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, சனிக்கிழமை. சுமார் 2,000 பேர் கூடிவிட்டார்கள்! ஜென்கின்சன் என்பவர் முன்னால் நடந்தார். வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவர் அவர். கூட்டத்தில் சாமுவேல் பிலிம்சால் என்ற பிரமுகரும் இருந்தார். கப்பலில் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றக்கூடாது என்று போராடி, கப்பலின் வெளிப்புறத்தில் கோடு போட வைத்தாரே, அதே பிலிம்சால்தான். மாலுமிகளின் உயிருக்காகப் போராடியவர், மலைக்கும் வந்துவிட்டார்!

தடைகளை அகற்றினார்கள். உச்சிக்கு ஏறினார்கள். பிறகு வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான் போராட்டம்.

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1888-ல் சமரசம் ஏற்பட்டது. தகராறில் இருந்த இரண்டு பாதைகளில், உச்சிக்குப் போகும் பாதை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மற்றதில் கட்டுப்பாடு நீடித்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும், பூட்டு போன இடத்தில் வழி பிறந்தது.

இருபது வருஷம் நடந்தால்...

இங்கிலாந்தில் இன்று இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. ஒரு பாதையில் பொதுஜனங்கள் இருபது வருஷம் யாரையும் கேட்காமல், ஒளியாமல், தடையில்லாமல் நடந்து வந்தால், அது பொதுப் பாதை என்றே சட்டம் கருதும். "நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்று நிலத்துக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமான சட்டம்! பணம் கொடுத்து வாங்கினால் நிலம் சொந்தம். நடந்தே வாங்கினால் பாதை சொந்தம். பத்திரம் வேண்டாம், பரம்பரை வேண்டாம், இரண்டு கால் போதும்.

2000-ம் ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. மலை, புல்வெளி போன்ற திறந்த வெளிகளில், பாதையை விட்டு இறங்கிக்கூட நடந்து போக அது உரிமை கொடுத்தது.

சக்கரம் போன்ற நாடு

கெஸ்விக் இருக்கும் பகுதிக்கு "லேக் டிஸ்டிரிக்ட்" என்று பெயர். ஏரி நாடு என்று சொல்லலாம். 900 சதுர மைலுக்குக் கொஞ்சம் அதிகம். இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காபெல் பைக் (3,209 அடி) இங்கேதான் இருக்கிறது. மிக நீளமான ஏரி வின்டர்மியர், மிக ஆழமான ஏரி வேஸ்டுவாட்டர், இரண்டும் இங்கேதான்.

பனிக் காலத்தில் இந்த மலைகளை எல்லாம் பனிக்கட்டி மூடிக்கிடந்தது. பனிக்கட்டி மெல்ல மெல்ல நகர்ந்து, பாறையைச் சுரண்டிப் பள்ளத்தாக்குகளைத் தோண்டியது. பனி உருகியதும் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அவைதான் இந்த ஏரிகள்.

பள்ளத்தாக்குகள் நடுவில் உள்ள மலைகளில் இருந்து நாலாபக்கமும் பிரிகின்றன. வேர்ட்ஸ்வொர்த் என்ற கவிஞர் இந்த அமைப்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு ஒப்பிட்டார். இதனால் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் காரில் போக வேண்டுமானால் ஊரைச் சுற்ற வேண்டும். வேஸ்டேல் தலையூரில் இருந்து சீத்வெயிட் என்ற கிராமத்துக்கு, மலைக்கணவாய் வழியாக நடந்தால் ஐந்து மைல்தான். காரில் போனால் சுமார் நாற்பது மைல்! அங்கே நடக்கிறவன்தான் முதலில் போய்ச் சேருவான் என்று சொன்னாலும் பெரிய பொய் ஆகாது.

இந்தப் பாதைகளை உல்லாசப் பயணிகளுக்காக யாரும் போடவில்லை. ஆடு மேய்க்கிறவன் போட்டான். பொதிக்குதிரை ஓட்டுகிறவன் போட்டான். சுரங்கத்தில் கல் உடைக்கிறவன் போட்டான். பிணம் சுமந்தவர்களும் போட்டார்கள்! ரைடல் என்ற ஊருக்கும் கிராஸ்மியர் என்ற ஊருக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. முற்காலத்தில் கல்லறை உள்ள மாதா கோயில் கிராஸ்மியரில்தான் இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் பெட்டியைத் தோளில் சுமந்து மலை ஓரமாக வருவார்கள். வழியில் பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாற ஒரு கல் உண்டு. அந்தக் கல் இன்னும் இருக்கிறது. இப்போது அதில் உட்கார்ந்து குழந்தைகள் ரொட்டி தின்கிறார்கள்.

கவிஞர் செய்த தவறு

வேர்ட்ஸ்வொர்த் இந்த ஊர்க்காரர். 1770-ல் பிறந்தவர். வாழ்நாள் எல்லாம் நடந்தவர். ஏரி நாட்டைப் பற்றி வழிகாட்டிப் புத்தகம் எழுதியவர். ரசிக்கக் கண்ணும் மனமும் உள்ள ஒவ்வொருவருக்கும் இந்த நாட்டில் பங்கு உண்டு, இது ஒருவகைத் தேசச் சொத்து என்ற கருத்தை அந்தப் புத்தகத்தில் சொன்னார். எவ்வளவு பெரிய மனது!

ஆனால், 1844-ல் வின்டர்மியர் பக்கம் ரெயில் பாதை போட ஏற்பாடு நடந்தபோது, அவரே எதிர்த்தார். ஆலைத் தொழிலாளிகள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு இந்த அழகை அனுபவிக்கப் பழக்கம் போதாது என்பது அவர் வாதம். "எல்லோருக்கும் பங்கு" என்றவர், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் வருகிறவனை மறந்துவிட்டார். ரெயில் 1847-ல் வந்துவிட்டது.

அவர் வாதம் தவறு என்று நிரூபிக்க ஒருவர் வந்தார். அதற்கு நீண்ட காலம் ஆயிற்று.

பிளாக்பர்ன் என்பது பஞ்சாலை ஊர். அங்கே ஏழைக் குடும்பத்தில் 1907-ல் பிறந்தவர் ஆல்பிரட் வெய்ன்ரைட். 1930-ல், 23 வயதில், முதல் முறையாக ஏரி நாட்டுக்கு வந்தார். வின்டர்மியர் ஊருக்கு மேலே உள்ள ஒரு சிறு குன்றில் ஏறினார். ஏரியும் மலைகளும் ஒரே பார்வையில் தெரிந்தன. அந்தப் பார்வை அவரை விடவில்லை. 1941-ல் பக்கத்தில் உள்ள கென்டல் நகரசபையில் வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு அங்கேயே பொருளாளர் ஆனார்.

பகல் எல்லாம் நகரசபைக் கணக்கு. விடுமுறை நாளில் மலை. கார் கிடையாது, பஸ்ஸில்தான் போவார். ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்து, ஏறிய மலையைப் படமாக வரைவார், பாதையை எழுதுவார். 1952-ல் தொடங்கிய வேலை, பதின்மூன்று வருஷம் நடந்தது. 214 மலைகள், 7 புத்தகங்கள். அச்சு எழுத்தே இல்லை! அவர் கையெழுத்தை அப்படியே அச்சிட்டார்கள். புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. எந்த ஆலை ஊரில் இருந்து ஜனங்கள் வரக்கூடாது என்று கவிஞர் பயந்தாரோ, அப்படிப்பட்ட ஊர்ப் பையன்தான் ஒரு தேசத்துக்கே வழி காட்டினார்.

மலையே நினைவுச் சின்னம்

பாதைக்குப் போராடியவர்கள் அதோடு நிற்கவில்லை. கெஸ்விக் சங்கத்தில் முன்னால் நின்ற ரான்ஸ்லி என்ற பாதிரியார், ஆக்டேவியா ஹில் என்ற அம்மையார், ராபர்ட் ஹன்டர் என்ற வக்கீல், இந்த மூவரும் சேர்ந்து 1895-ல் "நேஷனல் டிரஸ்ட்" என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். அழகான இடங்களை வாங்கி, ஜனங்களுக்காகவே என்றென்றும் வைத்திருப்பது அதன் வேலை. ஏரிக்கரையில் 108 ஏக்கர் காடு விலைக்கு வந்தபோது 6,500 பவுன் தேவைப்பட்டது. ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். ஏழைகளும் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். 1902-ல் காடு பொதுச் சொத்து ஆயிற்று.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஒரு காரியம் நடந்தது. மலை ஏறும் சங்கம் ஒன்றின் இளைஞர்கள் பலர் போரில் மடிந்திருந்தார்கள். அவர்களுக்காக நண்பர்கள் சிலை வைக்கவில்லை, மண்டபம் கட்டவில்லை. கிரேட் கேபிள் மலையையும் அதைச் சேர்ந்த சிகரங்களையும், 3,000 ஏக்கர் நிலத்தை, விலைக்கு வாங்கினார்கள். 1923-ல் அதை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம்! 1924-ல் உச்சிப் பாறையில் பெயர்ப் பலகை பதித்தார்கள். இன்றைக்கும் ஆண்டுதோறும் நவம்பரில், மழையானாலும் பனியானாலும், ஜனங்கள் 2,949 அடி ஏறிப்போய் அங்கே மௌனமாக நிற்கிறார்கள்.

இப்போது எதிரி யார்?

1951-ல் ஏரி நாடு தேசியப் பூங்கா ஆயிற்று. 2017-ல் உலகப் பாரம்பரிய இடம் என்ற பெருமையும் வந்தது. பூட்டுப் போடுகிறவர்கள் இன்று இல்லை. ஆனாலும் பாதைகளுக்கு ஆபத்து வந்திருக்கிறது.

ஆபத்து, நடக்கிற கால்கள்தான்!

ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் வருகிறார்கள். எல்லோரும் பேர்பெற்ற மலைகளுக்கே போகிறார்கள். பூட்ஸ் பட்டுப் புல் சாகிறது. புல் போன இடத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிறது. பாதை வாய்க்கால் ஆகிறது. சேற்றில் இறங்கப் பிடிக்காமல் அடுத்தவர் ஓரமாக நடக்கிறார். அங்கும் புல் சாகிறது. இப்படியே ஓர் ஆள் அகலப் பாதை, பத்து ஆள் அகலப் புண் ஆகிவிடுகிறது.

மழையோ கொஞ்சநஞ்சம் அல்ல. 2009-ம் ஆண்டு நவம்பரில் சீத்வெயிட் கிராமத்தில் 24 மணி நேரத்தில் 12 அங்குலத்துக்கு மேல் கொட்டியது!

கோபப்பட்டு என்ன செய்வது? வராதே என்று சொல்ல முடியுமா? சொன்னால், பூட்டுப் போட்டவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? இங்கே ஒரு நல்ல காரியம் நடக்கிறது. 2001 முதல் "பிக்ஸ் தி பெல்ஸ்" என்ற பெயரில் பாதைகளைப் பழுது பார்க்கிறார்கள். மலையைச் சரிசெய் என்று அர்த்தம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களும் உண்டு. சும்மா வந்து உழைக்கிற தொண்டர்களும் உண்டு. கல்லை ஹெலிகாப்டரில் மேலே கொண்டுபோய், கையால் படி மாதிரி பதிக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் பாதைக்கு அடியில் ஆட்டுக் கம்பளியைப் பரப்புகிறார்கள். இந்த மலைகளில் மேயும் ஹெர்ட்விக் ஆட்டின் கம்பளி முரடு, விலை போகாது. அது மனிதன் முதுகுக்கு உதவாவிட்டாலும், பாதையின் முதுகுக்கு உதவுகிறது!

செப்பனிடப் பணம் வேண்டும். அதில் பெரும் பகுதி நன்கொடை. நடந்து ரசித்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் ஒரு காசு போடுகிறார்கள்? கார் நிறுத்த, காபி குடிக்க, படம் எடுக்கச் செலவு செய்கிறவர்கள், காலுக்கு அடியில் இருக்கும் கல்லுக்குச் செலவு செய்யத் தயங்குவது நியாயம் அல்ல. பணம் இல்லாதவர்கள் பாதையை விட்டு விலகாமல் நடந்தாலே போதும். சேறு பட்டால் பூட்ஸைக் கழுவிக்கொள்ளலாம். மலையைக் கழுவ முடியாது.

லாட்ரிக் மலை இப்போது எப்படி இருக்கிறது? கெஸ்விக்கில் இருந்து அதே பாதையில் ஜனங்கள் ஏறுகிறார்கள். மலையின் மறுபக்கத்தில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து உச்சிப் பக்கம் சரிவு அதிகம் இல்லாத ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். அது நடக்க முடியாதவர்களுக்காக. கால் இல்லாதவர்கள் சக்கர நாற்காலியில் போய், ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.