நானூறு மீட்டருக்கு அப்பால்

மோட்டார் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நம் தோழர்கள் சிலரோ கண்ணையே மூடிக்கொள்கிறார்கள். "காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போகிறவன் உருப்படமாட்டான்" என்பது முன்னவர் தீர்ப்பு. "நள்ளிரவில் பைபாஸ் சாலை காலியாகத்தானே கிடக்கிறது!" என்பது பின்னவர் வாதம். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் வைட்டிலாவில் இருக்கிறது. அங்கே குடியிருந்துகொண்டு காக்கநாட்டில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகன், கடன் வாங்கிச் சிறிய டர்போ கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். 110 குதிரைத்திறன், முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி, வார நாளில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் பொள்ளாச்சிக்கும் அதுதான். இந்த வண்டியை 'டிராக்' பந்தயம் ஒன்றில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இப்போது அவரைப் பிடித்துக்கொண்டது. "தம்பி, நீ இயற்பியல் படிக்கிறாய். கொண்டுபோகலாமா, கூடாதா? ஒரே சொல்லில் சொல்" என்றார். "ஒரே சொல்லில் முடியாது அண்ணா" என்றேன். முடியாத காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

டிராக் பந்தயம் என்பது மிக எளிய விளையாட்டு. வளைவு இல்லை, சுற்று இல்லை. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். 'கிறிஸ்துமஸ் மரம்' என்று அழைக்கப்படும் விளக்குக் கம்பம் பச்சை காட்டியதும் புறப்பாடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியின் ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பச்சை விளக்கோடு ஓடத் தொடங்குவதில்லை. சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே தூங்கி வழிந்து கிளம்புகிறவர் நல்ல நேரத்தைப் பதிவு செய்துவிட்டுப் பந்தயத்தில் தோற்கவும் கூடும்!

அண்ணனின் வண்டி போன்றவை இந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 17 விநாடி ஆகும். கோட்டைத் தொடும்போது வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பந்தய உலகில் இது பெரிய சாதனை அன்று. ஆயினும் கற்றுக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் வண்டி பாய்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு. கிளம்பும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது. இழுக்கவேண்டிய முன் சக்கரங்களின் மேல் சுமை குறைகிறது. டயர் பிடிப்பை இழந்து வீணே சுழல்கிறது. புகை வருகிறது, வேகம் வருவதில்லை. பொறுமையாக மிதிப்பவரே முந்துகிறார். வகுப்பறையில் உராய்வு விசை பற்றி எத்தனை முறை கேட்டாலும் ஏறாத பாடம் ஓட்டுநர் இருக்கையில் இரண்டே ஓட்டத்தில் ஏறிவிடும். ஆதலால் அந்த ஆசையை நான் குறை கூறமாட்டேன்.

நிற்க. எங்கே ஓட்டுவது? இங்கேதான் எனக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வழக்கு.

இடப்பள்ளியிலிருந்து அரூர் வரை செல்லும் பைபாஸ் சுமார் 16 கிலோமீட்டர். அதன் நடுவே வைட்டிலா. 2021 ஜனவரியில் மேம்பாலம் திறந்த பிறகு அந்தச் சந்திப்பில் நிற்காமலே தாண்டிவிடலாம். இரவு இரண்டு மணிக்குப் பார்த்தால் ஓடுகளம் போலத்தான் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 130 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 36 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி. அதற்குள் 36 மீட்டர் போய்விட்டது. பிறகு காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 80 மீட்டருக்கு மேல். மொத்தம் சுமார் 120 மீட்டர். கொச்சியில் சாலை காய்ந்திருக்கும் மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நனைந்த சாலையில் அந்தத் தூரம் 170 மீட்டர் அளவுக்கு நீளும். முன்விளக்கின் தாழ்ந்த ஒளியில் நமக்குத் தெரிவதோ ஐம்பது, அறுபது மீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூரத்தை நம்பி ஓட்டுகிறோம் என்பதுதானே இதன் பொருள்?

சாலை காலி என்கிறார்களே, யாருக்குக் காலி? நாம் விடுமுறைக்கு ஊர் போகும் இரவுப் பேருந்துகள் வைட்டிலா நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கையில் பெட்டியோடு சாலையைக் குறுக்கே கடக்காதவர் நம்மில் எத்தனை பேர்? வாத்துருத்தியில் குடியிருக்கும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து நகரெங்கும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். இரவுப் பணி முடித்த செவிலியர், மீன் லாரி, தெருநாய், எல்லாம் அந்தக் காலிச் சாலையில்தான். சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசின் இசைவோடு 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே என்று கேட்கலாம். நடந்தது, சாலையை அடைத்து, இருபுறமும் தடுப்பு நிறுத்தி, மருத்துவ வண்டி காத்திருக்க நடந்தது.

கால் மைல் ஓடுவதற்கு எந்தச் சாலையும் போதும். ஓடி முடித்தபின் நிற்பதற்கு வேண்டிய இடமே ஓடுகளத்தின் உயிர். இதை அமெரிக்கர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். தெருவில் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞரை ஒழுங்குக்குள் கொண்டுவர 1951-இல் வாலி பார்க்ஸ் அங்கே தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ஒரு விமான ஓடுதளம் பந்தயத்துக்குப் பயன்பட்டது. அத்தனை அனுபவம் இருந்தும், 2008 ஜூனில் இங்கிலிஷ்டவுன் களத்தில் ஸ்காட் கலிட்டா என்ற பெயர்பெற்ற ஓட்டுநரின் வண்டி கோட்டைத் தாண்டி நிற்கமாட்டாமல் போய் அவர் இறந்தார். உடனே மிகுவேக வகைகளுக்குப் பந்தயத் தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். எதற்கு? நிற்க இடம் வேண்டுமே!

நமக்கும் இந்த வழி புதிதன்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களமே கண்டது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. கார்களுக்கு மகாராஷ்டிரத்தின் ஆம்பி பள்ளத்தாக்கில், அதுவும் ஒரு விமான ஓடுதளத்தில், கால் மைல் பந்தயங்கள் நடந்துள்ளன. அண்ணன் போவதென்றால் இத்தகைய இடத்துக்குத்தான் போகவேண்டும்.

போவதிலும் ஒரு சிக்கல். அவரிடம் இருப்பது ஒரே வண்டி. அதன் பல்சக்கரப் பெட்டியில் இரட்டைக் கிளட்ச். நின்ற நிலையிலிருந்து முழு விசையோடு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது தேயும். சாதாரண மோட்டார் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. எனவே முறையான களத்திலேயே வண்டி நொறுங்கினாலும் செலவு அவர் தலையில்தான். கூடுதல் திறனுக்காக எஞ்சினின் கணினியை மாற்றியமைக்கலாம் என்று பட்டறைக்காரர் ஒருவர் ஆசை காட்டியிருக்கிறாராம். அது வேண்டாம் என்றேன். பதிவுச் சான்றில் உள்ள வண்டியாகவே ஓட்டட்டும். அப்போதுதான் வரும் நேரம் அவருடைய திறமையைச் சொல்லும்.

கடன் தவணை இன்னும் பதினான்கு பாக்கி. அது தீர்ந்த பின் போவது நலம் என்பது என் துணிபு. அதுவரை பொறுக்கமாட்டேன் என்றால், புதுக் கிளட்சுக்கு ஆகும் பணத்தை முதலில் வங்கியில் போட்டுவிட்டு, நல்ல டயரும் புதுப் பிரேக் எண்ணெயும் மாற்றிக்கொண்டு போகட்டும். ஓட்டும் இடத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தால் நானும் வருகிறேன். கடிகாரம் பிடிக்க அல்ல, கோட்டுக்கு அப்பால் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று முதலில் நடந்து அளந்து பார்க்க.