வலிக்கவில்லையாம்!



உழவு மாடு நொண்டினால் அன்றைக்கே வைத்தியரைத் தேடுகிறோம். வீட்டிலே நமக்காக உழைத்து ஓடாய்த் தேய்பவள் மார்பிலே கட்டி என்றால்? அவள் சொல்வதில்லை. சொன்னாலும், "வலிக்கிறதா?" என்கிறோம். இல்லையாம். "அப்படியானால் கிடக்கட்டும்!" வலிக்காமல் வளர்வதுதானய்யா வஞ்சகம்!

களமருதூர் மேடையிலே இதைப் பேசலாமா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டமன்றத்திலே போராடிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பார்த்தும் சுளித்தவர்கள்தாமே! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், 1954-இல் அடையாற்றிலே 12 படுக்கைகளோடு மருத்துவமனை கண்டார். 1969 பிப்ரவரி 3-இல் அண்ணனை நம்மிடமிருந்து பறித்ததும் இந்நோய்தான். அவருக்கு வந்தது உணவுக்குழலில், கைக்கு எட்டாத இடத்தில். மார்பகம் கைக்கு எட்டுகிறதே, அதிலுமா கோட்டை விடுவது?

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. ஆனால் புதிய கட்டி, தோலிலே குழி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலே இரத்தக் கசிவு, அக்குளிலே வீக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் பரவும் என்பது திண்ணைக் கதை.

"மார்பையே அறுத்தெறிவார்கள்" என்ற அச்சம்தான் பலரை வீட்டிலே பூட்டுகிறது. ஒரு காலத்தில் அதுதான் முறை. மார்பின் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். அமெரிக்க மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர், 1976-இல் தொடங்கி 1,851 பெண்களை ஆராய்ந்தார். 20 ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மார்பை முழுதும் எடுத்தவர்களுக்கும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கும் ஆயுளிலே வேறுபாடில்லை! ஆனால் கட்டி சிறிதாயிருக்கும்போதே போனவளுக்குத்தான் பெரும்பாலும் அந்த வாய்ப்பு. எதைத் தேர்வது என்று மருத்துவரிடம் கேட்டறிந்து சொல்ல வேண்டியவள் அவள். கணவனோ மாமியாரோ அல்ல.

இங்கேதான் ஏழைக்கு இடி. கதிர்வீச்சு ஒருநாள் வேலையன்று, வாரக்கணக்கில், நாள்தோறும். கல்வராயன் மலை வெள்ளிமலைக்காரி புதுவை ஜிப்மருக்கோ சென்னைக்கோ எத்தனை நாள் போய்வருவாள்? பிள்ளைகளை யார் பார்ப்பது? கூலி யார் கொடுப்பது? பேருந்துக் கட்டணத்துக்குப் பயந்து மார்பையே கொடுத்துவிட்டு வருகிறவளைப் பார்த்து, "அவளே தேர்ந்தாள்" என்று சொல்ல நாக் கூசவேண்டாமா?

சிகிச்சை முடியும்வரை தங்க இடம், போக்குவரத்துச் செலவு, இழந்த கூலிக்கு ஈடு — இம்மூன்றையும் கேட்டு அடுத்த கிளைக் கூட்டத்திலே தீர்மானம் கொண்டுவாருங்கள். அதற்கு முன்னால், இன்றிரவே வீட்டிலே பேசுங்கள்.