திறப்பைக் கொடுக்கும் முன்

சகோதரிகளே! கணவர் கட்டாரில் இருக்க, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் ஒரு சகோதரி, பிரேக் பிடித்தால் சத்தம் கேட்கிறதென்று காரை முகவர் கம்பெனியின் கராஜில் விட்டார். மாலையில் தந்த பில்லில் பிரேக் பேட்டோடு, அவர் சொல்லாத இரண்டு சாமான்களும் இருந்தன. பழையவற்றைக் காட்டுங்கள் என்றார். "வீசிவிட்டோம். வீட்டில் ஆண்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள், விளங்கப்படுத்துகிறோம்" என்றார்களாம். காசு கொடுப்பவர் அவர், விளக்கம் மட்டும் வேறொருவருக்கா?

கராஜில் விட்ட வாகனம் அமானிதம். திறப்பைக் கொடுத்தது, விரும்பியதையெல்லாம் மாற்றக் கொடுத்த அனுமதியல்ல. ஆகவே உத்தேசச் செலவை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். "என்னிடம் கேளாமல் வேறெதையும் மாற்ற வேண்டாம்" என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய சாமானைப் பார்க்காமல் வராதீர்கள். வெட்கம் வேண்டாம், பிரேக் பேட் தேய்ந்து இரும்புத் தகட்டை நெருங்கியிருந்தால், மெக்கானிக் படிக்காத கண்ணுக்கும் தெரியும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வேலையில் குறையிருந்தால் அச்சபையிடம் முறையிடலாம். விபரம் கேட்கத் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்குள்.