மூழ்கியது யார்?

'ஸ்வாம்ப்' என்கிற இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு என்ன அர்த்தம் தோழர் என்று இரவு வகுப்புக்கு வருகிற தம்பி கேட்டான். நான் எம்.ஏ. தமிழ். அகராதியைத்தான் எடுத்தேன். பெயர்ச்சொல்லாக நின்றால் சதுப்பு நிலம். வினையாக வந்தால், படகில் தண்ணீர் ஏறி அமிழ்த்துவது; தாங்கமுடியாதபடி வந்து குவிந்து திணறடிப்பது. கடிதம் குவியலாம், வேலை குவியலாம். அதுவரைக்கும் தப்பில்லை. மனுசங்களைத் தண்ணியாக்கும்போதுதான் வில்லங்கம்.

1978 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் மார்கரெட் தாட்சர் இந்தச் சொல்லை எடுத்தார். வேறு பண்பாட்டுக்காரர்களால் பிரிட்டன் மூழ்கடிக்கப்படுமோ என்று மக்கள் பயப்படுகிறார்களாம். அடுத்த ஆண்டே பிரதமரானார். இலக்கணத்தைப் பாருங்கள்: செயப்பாட்டுவினை. சட்டமும் போலீசும் பாராளுமன்றமும் கையில் வைத்திருக்கிறவன் பாதிக்கப்பட்டவன். பஸ் ஓட்டவும் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்க்கவும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் வெள்ளம்!

1981 ஏப்ரலில் அதே சொல் செய்வினையானது. லண்டன் பிரிக்ஸ்டனில் போலீசு தன் நடவடிக்கைக்கு வைத்த பெயரே 'ஸ்வாம்ப் 81'. கறுப்பர்கள் வாழ்கிற தெருக்களில் மப்டியில் இறங்கி, சில நாட்களுக்குள் 943 பேரை மறித்துச் சோதித்தார்கள். 118 பேரைப் பிடித்துப் போனார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி பிரிக்ஸ்டன் வெடித்தது. அதற்குக் கலவரம் என்று பெயர் வைத்தாச்சு. இப்ப சொல்லுங்க, மூழ்கடித்தது யார்? மூழ்கியது யார்?

இது ஒரு கட்சியின் நோயுமல்ல. 2002இல் தொழிற்கட்சியின் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட், புகலிடம் தேடி வந்தவர்களின் குழந்தைகளால் பள்ளிகள் மூழ்குவதாகப் பேசினார். பச்சப் புள்ளைங்ககூட வெள்ளம்தான். அதற்கு முன்பே, 1996இல், ஆசியர்களால் ஆஸ்திரேலியா மூழ்கப்போகிறது என்றார் பாலின் ஹான்சன். எங்கே நின்று? 1788 முதல் கப்பலில் வந்திறங்கிப் பழங்குடிகளின் மண்ணைப் பறித்தவர்கள் கட்டிய நாடாளுமன்றத்தில்!

வெள்ளைக்காரன் சங்கதி நமக்கெதுக்கு என்று இருக்க முடியாது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தன் பெயரை எடுத்ததே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான். நான் படித்த கல்லூரியில் அறுபது பேர் வகுப்பில் நாங்க மூணு பேரு. "எல்லா சீட்டையும் அவனுங்களே அடைச்சுட்டானுங்க" என்று காதுபடவே பேசினார்கள். அறுபதில் மூணு எப்படி எல்லாமாகும்? அந்தக் கணக்கை நான் அப்போது கேட்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு அர்த்தத்தோடு இதையும் சொன்னேன். இந்தச் சொல்லை எவன் எடுத்தாலும் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று எழுந்து நின்று கேள். நான் கேட்காமல் விட்டதை நீ கேள்.