பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பின்

தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்தில் இளமைப் பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்துரைக்கின்றார். பின்வந்த பாட்டியல் நூலார் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பருவங்களை வகுத்து, ஒவ்வொன்றற்கும் வயதெல்லையும் கூறினர். அவை பாட்டுக்காக வகுக்கப்பட்ட எல்லைகள். அவற்றால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. ஆனால் மருத்துவத் துறையும் அரசு அலுவலகங்களும் வகுக்கும் வயதெல்லை அத்தகையதன்று. பதினேழு ஆண்டும் பதினொரு திங்களும் நிரம்பிய ஒருவன் குழந்தை. அடுத்த திங்களில் அவன் பெரியவன். அவனுடைய நோய் மட்டும் இந்த மாற்றத்தை அறிவதில்லை.

இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும் நாடு இங்கிலாந்து. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். குணப்படுத்த இயலாத நோயாளரின் வலியைத் தணித்து, இறுதிவரை மதிப்போடு பேணும் இல்லம் அது. அவ்வழியில் எழுந்த இல்லங்களுக்கு வந்தோருள் பெரும்பாலோர் புற்றுநோயால் வருந்திய முதியவர்கள். குழந்தைகளுக்கென்றே உலகில் முதன்முதலாகத் தோன்றிய ஹாஸ்பிஸ் 1982இல் ஆக்ஸ்போர்டு நகரத்தில், ஒரு கன்னியர் மடத்தின் வளாகத்தில் எழுந்த ஹெலன் இல்லம். அதனை நிறுவியவர் பிரான்சிஸ் டொமினிக்கா என்னும் துறவி. ஹெலன் என்ற நோயுற்ற சிறுமியைத் தாம் சில நாள் வைத்துப் பேணி, அவள் பெற்றோர்க்கு ஓய்வளித்த பட்டறிவே அவ்வில்லத்துக்கு வித்தாயிற்று.

குழந்தைகளின் ஹாஸ்பிஸ் சாவதற்கு மட்டும் செல்லும் இடமன்று. ஆண்டுதோறும் சில நாள் தங்கிச் செல்வர். பெற்றோர் அந்நாள்களில் உறங்குவர். இவ்வுறவு பத்தாண்டு, பதினைந்தாண்டு கூட நீளும். முதியோர் இல்லமோ இறுதி வாரங்களை எண்ணி அமைக்கப்பட்டது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாயினும் பணி வேறு.

தூஷேன் தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆண் மக்களையே பற்றும் இந்நோய், பன்னிரண்டு வயதளவில் நடையைப் பறித்துவிடுகின்றது. முன்னர் இருபதைக் காணாமலே பலர் மறைந்தனர். மூச்சுக்கருவியும் ஸ்டீராய்டு மருந்தும் இதயக் கண்காணிப்பும் வந்தபின் முப்பதைக் கடந்தும் பலர் வாழ்கின்றனர். மருத்துவத்தின் வெற்றிதான் இது, ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றி ஈட்டித் தந்த ஆண்டுகளில் அவர்கள் எங்கே தங்குவது, யார் பேணுவது என்பதை எவரும் முன்கூட்டி எண்ணவில்லை. குழந்தை மருத்துவர் ஒருவரே அதுவரை அனைத்தையும் ஒருங்கிணைத்து வந்தார். பதினெட்டுக்குப் பின் நுரையீரலுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர்; முழுமையாக அறிந்தவர் எவருமிலர். இங்கிலாந்தின் மருத்துவப் பராமரிப்புக் கண்காணிப்பு ஆணையம் இம்மாற்றம் பற்றி 2014இல் வெளியிட்ட அறிக்கைக்குக் 'குளத்திலிருந்து கடலுக்குள்' என்று பொருள்படும் தலைப்பையே இட்டது. பொருத்தமான உவமை, நீந்தக் கற்பித்தவர் கரையிலேயே நின்றுவிடுகின்றார்.

தாயின் நிலையையும் நோக்க வேண்டும். ஆறு வயது மகனை அவள் தூக்கிக் குளிப்பாட்டினாள். இருபத்துநான்கு வயது மகனின் உடல் எடை வேறு. அவள் முதுகும் முன்போல் இல்லை. ஓய்வு மிகத் தேவைப்படும் காலத்தில்தான் ஓய்வு நின்றுபோகின்றது.

இக்குறையை உணர்ந்தே 2004இல், ஹெலன் இல்லத்தின் அருகில், 16 முதல் 35 வயது வரையுள்ள இளையோர்க்கென டக்ளஸ் இல்லம் திறக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே அது நின்றது. நன்கொடையை நம்பி நடந்த அவ்வமைப்பு, பணம் போதாமையால் 2018இல் அதனை மூடிவிட்டுக் குழந்தைகளின் இல்லத்தை மட்டும் காத்துக்கொண்டது. இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்ற நிலையில் நிர்வாகத்தினர் எடுத்த முடிவை நான் குறைகூற வரவில்லை. அந்நிலைக்கு அவர்களைத் தள்ளியது எது என்பதே என் வினா. மழலையின் படம் அச்சிட்ட உண்டியலில் காசு விழுகின்றது. தாடி வளர்ந்த இளைஞன் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படத்துக்கு அவ்வளவு விழுவதில்லை. இரக்கம் இயல்பாகவே இளமையை நாடும். ஆகவேதான் இத்தகைய பணியை இரக்கத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கி நிற்றல் தகாது.

எண்ணிக்கையில் சிலரேயான இவர்க்குத் தனி இல்லம் எதற்கு என்று கேட்போர் உளர். தனிக்கட்டடம் கட்டாயமன்று. குழந்தைகளின் இல்லங்கள் வயதெல்லையைத் தளர்த்தலாம். முதியோர் இல்லங்கள் தம் செவிலியரை இந்நோய்களில் பயிற்றி ஓரிரு படுக்கைகளை ஒதுக்கலாம். எதைச் செய்யினும், அது கருணையாக அன்றி உரிமையாக, பொதுநிதியிலிருந்து நடைபெற வேண்டும் என்பதே என் துணிபு.

2016இல் அந்நாட்டின் 'நைஸ்' நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே மாற்றத்துக்குத் திட்டமிடத் தொடங்கவேண்டும் என்கின்றது. இளைஞனின் விருப்பத்தை அவனிடமே கேட்டறிய வேண்டும் எனவும், அவனுக்கென ஒரு பணியாளர் பெயர் குறித்து அமர்த்தப்பட்டு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஆறு திங்கள் துணைநிற்க வேண்டும் எனவும் அது வகுத்துரைக்கின்றது. நல்ல நெறிதான். ஆயினும் பதினைந்தாண்டு உறவொன்று அறுபடும் இடத்தில் ஆறு திங்கள் எம்மட்டு? புதிய மருத்துவர் அவனுடைய மூச்சுக்கருவியின் ஓசையைப் பழகிக்கொள்ளவே அக்காலம் கழிந்துவிடும். அதனை மூன்றாண்டாக நீட்டி, அதற்குரிய ஊதியத்தையும் அரசின் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.